மூன்றாவது அணி – 9: ஊதாத விசில்

சென்ற வாரம், ஈடன் பார்க்கில் நடந்த ரக்பி உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டத்தில் அயர்லாந்து 15–6 என்று ஆஸ்திரேலியாவைச் சாய்த்ததோடு நிறுத்தியிருந்தோம். தேதி 2011 செப்டம்பர் 17. முதுகுவலியால் ஆஸ்திரேலியாவின் டேவிட் போகாக் அன்று ஆடவில்லை. விசில் பிடித்தவர் நியூசிலாந்தின் பிரைஸ் லாரன்ஸ். இந்த இரண்டு பெயர்களையும் மறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இனி…

தோல்வியைக்கூட ஆஸ்திரேலியா பொறுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அட்டவணை செய்த வேலைதான் கொடுமை. பிரிவில் முதலிடம் பிடித்திருந்தால் காலிறுதியில் வேல்ஸ். இரண்டாமிடத்துக்கு இறங்கியதால் நடப்பு சாம்பியன் தென்னாப்பிரிக்கா. இரண்டு அணிகளுமே அதுவரை உலகக் கோப்பையை இரண்டு முறை வென்றவை. அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, வெலிங்டன். உள்ளூர்க்காரர்கள் 'கேக் டின்' என்று செல்லமாக அழைக்கும் வட்ட மைதானம்.

நடுவர் பட்டியல் வந்தது. பிரைஸ் லாரன்ஸ்.

மூன்று வாரத்துக்கு முன் தங்களை மூச்சுத் திணற வைத்த ஆட்டத்தின் நடுவரே மறுபடியும் வருகிறார். நியாயமாகப் பார்த்தால் வயிற்றில் புளி கரைய வேண்டியது ஆஸ்திரேலியாவுக்கு. தென்னாப்பிரிக்கா கவலைப்படக் காரணமே இல்லை. காரணம் இல்லை என்று மட்டுமா? லாரன்ஸ் என்ற பெயரைக் கேட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் இனிப்பாகவே இருந்திருக்கும்.

இரண்டு ஆண்டு பின்னோக்கிப் போவோம். 2009 ஜூன் 20, டர்பன். பிரிட்டிஷ், ஐரிஷ் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது. முதல் டெஸ்டின் நடுவர் லாரன்ஸ். இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில், 'பீஸ்ட்' என்று பட்டப்பெயர் பெற்ற தெண்டாய் ம்தவாரிரா, இங்கிலாந்தின் ஃபில் விக்கரியை நிமிர்த்தி நிமிர்த்திப் பின்னால் தள்ளினார். லாரன்ஸ் ஒவ்வொரு முறையும் தென்னாப்பிரிக்காவுக்கே பெனால்டி கொடுத்தார். பீஸ்ட் நேராகத் தள்ளவில்லை, கோணலாகத் தள்ளுகிறார் என்று லயன்ஸ் தரப்பு புலம்பியது. முடிவு 26–21, தென்னாப்பிரிக்காவுக்கு.

ஒரு வாரம் கழித்து பிரிட்டோரியா. நடுவர் பிரான்சின் கிறிஸ்தோஃப் பெர்டோஸ். கோட்டோரம் கொடி பிடித்து நின்றவர் லாரன்ஸ். முதல் நிமிடத்திலேயே தென்னாப்பிரிக்காவின் ஷால்க் பர்கரின் விரல்கள் ஐரிஷ் வீரர் லூக் ஃபிட்ஸ்ஜெரால்டின் கண்ணுக்குப் போயின. லாரன்ஸ் அதைப் பார்த்தார். குறைந்தபட்சம் மஞ்சள் அட்டையாவது கொடுக்க வேண்டும் என்று பெர்டோஸிடம் சொன்னார். மஞ்சளோடு முடிந்தது. பின்னர் பர்கருக்கு எட்டு வாரத் தடை விழுந்தது வேறு கதை. அன்று பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்து ஆடினார். கடைசி நிமிடத்தில் மோர்னே ஸ்டெய்ன் உதைத்த பெனால்டியில் தென்னாப்பிரிக்கா 28–25 என்று வென்றது. தொடரும் கைக்கு வந்தது.

அப்போது லாரன்ஸைத் திட்டியவர்கள் பிரிட்டிஷாரும் ஐரிஷ்காரர்களும். ஜோகன்னஸ்பர்க்கில் அவர்மேல் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. வெலிங்டனில் 80 நிமிடம் ஓடி முடிந்தபோது, தென்னாப்பிரிக்க மண்ணில் அந்த மனிதர் காலே வைக்க முடியாத நிலை. நடுவில் என்ன நடந்தது?

அதற்கு முன் ரக்பிக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் இலக்கணம்.

ஒருவர் பந்தோடு ஓடுகிறார். எதிரணிக்காரர் அவரை இடுப்போடு கட்டித் தரையில் சாய்க்கிறார். இது டேக்கிள். அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளுதான் பிரேக்டவுன். விழுந்தவர் பந்தை உடனே விட வேண்டும். வீழ்த்தியவர் விழுந்தவரை விட்டுவிட்டு விலக வேண்டும். துணைக்கு ஓடி வருபவர்கள் பக்கவாட்டில் புகக் கூடாது. தங்கள் அணியின் திசையிலிருந்து வர வேண்டும். காலில் நிற்க வேண்டும். பந்தின் மேல் கவிழ்ந்துவிடக் கூடாது. இரு தரப்பு வீரர்களும் நின்றபடி பந்துக்கு மேலே முட்டிக்கொண்டால் அது 'ரக்'. ரக் ஆகிவிட்டால் புதிதாக யாரும் பந்தில் கை வைக்கக் கூடாது. 2011-இல் சட்டப் புத்தகத்தின் 15, 16-ஆம் பிரிவுகள் சொன்னதன் சாரம் இது.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. எல்.பி.டபிள்யூ. கேட்டுக் கூச்சல் எழும்போது கிரிக்கெட் நடுவர் பார்க்க வேண்டியது ஒரு பந்து, ஒரு கால், மூன்று குச்சி. நின்ற இடத்தில் நின்று நிதானமாக யோசிக்கலாம். ரக்பி நடுவர் மூச்சிரைக்க ஓடி வந்து நிற்பதற்குள், நூறு கிலோ ஆசாமிகள் ஐந்தாறு பேர் ஒருவர்மேல் ஒருவர் சரிந்திருப்பார்கள். விழுந்தவர் 'உடனே' விட்டாரா? உடனே என்றால் அரை நொடியா, ஒரு நொடியா? பந்தைப் பிடித்து இழுப்பவர் காலில் நிற்கிறாரா, கீழே கிடப்பவரின் முதுகில் முழங்கையை ஊன்றியிருக்கிறாரா? அவர் கை வைத்தது ரக் ஆவதற்கு முன்பா, பின்பா? இந்தக் காட்சி ஒரு ஆட்டத்தில் சுமார் 150 முறை வரும். தேடினால் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு குற்றம் அகப்படும். எல்லாவற்றுக்கும் ஊதினால் ஆட்டம் என்று ஒன்றே மிஞ்சாது. ஆகவே எதை ஊதுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு நடுவரும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருப்பார். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சில சமயம் ஆண்டுக்கு ஆண்டும் மாறும்.

உதாரணத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் கதையே போதும். 2009-இல் சர்வதேச ரக்பி வாரியம் ஒரு விளக்கம் கொடுத்தது. ரக் உருவாகும் முன்பே நின்றபடி பந்தில் கை வைத்துவிட்டவர், ரக் ஆன பிறகும் கையை எடுக்கத் தேவையில்லை. பந்து பறிப்பவர்களுக்குத் தீபாவளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேறுவதே ஆபத்து என்றாகிவிட, ஆளாளுக்குப் பந்தை வானத்துக்கு உதைத்தார்கள். உதைத்துத் துரத்தும் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை மிஞ்ச அன்று ஆளில்லை. நியூசிலாந்தை அந்த ஆண்டு மூன்று முறை தோற்கடித்து, ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஆடிய மும்முனைத் தொடரையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறு ஆண்டு நடுவர்களுக்கு வேறு கட்டளை வந்தது. வீழ்த்தியவர் முதலில் கையை விட்டுக் காட்டட்டும், அப்புறம் பந்தைத் தொடட்டும், இதில் கறாராக இருங்கள் என்றார்கள். புத்தகத்தில் அந்த விதி முன்பும் இருந்தது. யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். தாக்கும் அணிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 2010 மும்முனைத் தொடரில் நியூசிலாந்து ஆறுக்கு ஆறு வென்றது. தென்னாப்பிரிக்கா ஆறில் ஐந்தைத் தோற்றது. காயத்தால் முக்கியமான சிலர் அந்த ஆண்டு ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழியை முழுக்க விசிலின் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் பயிற்சியாளர் அதே பீட்டர் டி வில்லியர்ஸ், தலைவர் அதே ஜான் ஸ்மித். பன்னிரண்டு மாதத்தில் உலகின் உச்சியிலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

அப்படிக் காயத்தால் 2010-ஐ இழந்தவர்களில் ஒருவர் ஹைன்ரிக் புரூசோ. பந்து பறிக்கும் முன்கள வீரருக்குப் பெரும்பாலான நாடுகள் 7-ஆம் எண் சட்டை கொடுக்கும். தென்னாப்பிரிக்கர்கள் 6 கொடுப்பார்கள். புரூசோவின் எண் 6. குட்டையான உருவம். அவரைப் பந்திலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் போதாது. 2011-இல் திரும்பி வந்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் 7-ஆம் எண் டேவிட் போகாக், வயது 23. அவர் பிறந்தது ஆஸ்திரேலியாவில் அல்ல. சிறு வயதில் வளர்ந்தது தென்னாப்பிரிக்காவின் அண்டை நாடான ஜிம்பாப்வேயில். பண்ணைக் குடும்பம். அங்கே நிலப் பறிமுதல் கலவரங்கள் மூண்டபோது, 2002-இல் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குக் கிளம்பி வந்த பையன். முதுகுவலி தீர்ந்து களத்துக்குத் திரும்பியிருந்தார்.

இந்த இருவரில் யார் அதிகப் பந்தைப் பறிக்கிறாரோ அவருடைய அணி அரையிறுதிக்கு. வெலிங்டன் ஆட்டத்துக்கு முன் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் போட்ட கணக்கு அதுதான். கணக்கு ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் கிழிந்தது.

11-ஆம் நிமிடம் தன் கோட்டருகே பர்கர் பந்தைப் பறிகொடுத்தார். ஆமாம், பிரிட்டோரியாவில் பார்த்தோமே, அதே பர்கர். நொடியில் ஆஸ்திரேலியத் தலைவர் ஜேம்ஸ் ஹார்வில் கோட்டுக்கு மேல் பாய்ந்து பந்தை ஊன்றினார். ட்ரை, 5–0. சற்று நேரத்தில் ஜேம்ஸ் ஓ'கானர் ஒரு பெனால்டியை உதைத்துச் சேர்க்க, 8–0. அதையடுத்து விலாவில் அடிபட்ட புரூசோ களத்தை விட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த பிரான்சுவா லோ சாமானியர் அல்ல. என்றாலும் ஒரு சண்டைக்கென்றே தயாரித்து வைத்த ஆள் இருபது நிமிடத்தில் போய்விட்டால் போனதுதான்.

இதன் பிறகு நடந்த ஒரு மணி நேர ஆட்டத்தை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா அலை அலையாக வந்தது. ஆட்டத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆஸ்திரேலியாவின் பாதியிலேயே நடந்தது. ஆஸ்திரேலியர்கள் செய்த டேக்கிள்கள், தென்னாப்பிரிக்கர்கள் செய்தவற்றைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அப்படி அடித்து நெருக்கியும் ஒவ்வொரு அலையும் எங்கோ ஒரு பிரேக்டவுனில் முட்டி நின்றது. அங்கே பந்தின் மேல் குனிந்திருந்தவர் பெரும்பாலும் போகாக்.

அவர் பறித்தவற்றில் பல, எந்த நடுவரும் குறை சொல்ல முடியாதவை. யாருக்கும் முன்னால் வந்து, கால் ஊன்றி, சுத்தமாக எடுத்தார். வேறு சில அப்படியல்ல. காலில் நிற்காமல் கை நீட்டியவை, பக்கவாட்டில் வந்தவை, ரக் ஆன பிறகு பந்தில் கை வைத்தவை. லாரன்ஸ் அருகிலேயே நின்றார். விசில் வரவில்லை. முதல் சிலவற்றுக்கு விசில் வராது என்று தெரிந்ததும், போகாக் அடுத்ததில் இன்னும் அரை அடி உள்ளே போனார். அது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லை எங்கே இருக்கிறது என்பதை அன்றைய நடுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அந்தச் சட்டைக்காரரின் தொழில்.

லாரன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குச் சாதகமாக ஊதினார் என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. அவர் இரு தரப்புக்குமே ஊதவில்லை. ஆட்டம் தடைபடாமல் ஓடட்டும் என்று விட்டார். சிக்கலே அங்கேதான். பந்து அதிக நேரம் ஒரு அணியிடம் இருக்கும்போது, பிரேக்டவுனில் நடுவர் கண்ணை மூடிக்கொண்டால் லாபம் யாருக்கு? பந்து இல்லாத அணிக்கு. இருவரிடமும் சமமாகக் காட்டிய மௌனம் ஒருவருக்கு மட்டும் கோட்டைச் சுவர் ஆகிவிட்டது. அதிலும் தென்னாப்பிரிக்காவிடம் இருந்தவர் மோர்னே ஸ்டெய்ன். பெனால்டி கிடைத்தால் பெரும்பாலும் மூன்று புள்ளி என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊதாத ஒவ்வொரு விசிலும் அந்த அணியின் கையிருப்பிலிருந்து போனது.

இடைவேளைக்குச் சற்று முன் ஸ்டெய்ன் ஒரு பெனால்டி அடித்து 8–3 ஆக்கினார். இரண்டாம் பாதியில் பாட் லாம்பி கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினார். தென்னாப்பிரிக்க ரசிகர்கள் எழுந்து குதித்தார்கள். ஆனால் ஜான் டி வில்லியர்ஸ் கொடுத்த பாஸ் முன்னோக்கிப் போயிருந்தது. விசில்! அந்த ஒன்று சரியான விசில் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. பிறகு ஸ்டெய்னின் இன்னொரு பெனால்டி, 8–6. 60-ஆம் நிமிடம் ஸ்டெய்ன் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைத்தார். டிராப் கோல், 9–8.

முதல் முறையாக தென்னாப்பிரிக்கா முன்னிலை. இன்னும் இருபது நிமிடம். பந்தும் அவர்களிடம், இடமும் அவர்களிடம். இனி ஒரே ஒரு பெனால்டி போதும்.

பெனால்டி வந்தது. எதிர்ப்பக்கத்துக்கு. 70 நிமிடம் கடந்த நிலையில், கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும் ஒரு லைன்-அவுட். பந்துக்காக மேலே எழும்பிய ஆஸ்திரேலியாவின் ராடிகே சாமோவை டேனி ரோசோ இடைஞ்சல் செய்தார் என்று லாரன்ஸ் ஊதினார். பிரேக்டவுனில் அத்தனை நேரம் அடங்கிக் கிடந்த விசில், லைன்-அவுட்டில் ஒலித்தது. 21 வயது ஓ'கானர் பந்தை நிறுத்தினார், பின்வாங்கினார், உதைத்தார். 11–9. எஞ்சிய நிமிடங்களில் தென்னாப்பிரிக்காவால் அதைத் தாண்ட முடியவில்லை.

நடப்பு சாம்பியன் வெளியே. ஜான் ஸ்மித்தின் சர்வதேச ஆட்டம் அன்றோடு முடிந்தது. விக்டர் மாட்ஃபீல்டும் விடைபெற்றார். சில ஆண்டு கழித்து அவர் திரும்பி வந்தது யாரும் எதிர்பாராதது. பீட்டர் டி வில்லியர்ஸின் பயிற்சியாளர் பதவிக்கும் அதுவே கடைசி ஆட்டம்.

பிறகு வெடித்தது கோபம். லாரன்ஸ் இனி எந்த ஆட்டத்துக்கும் நடுவராக நிற்கக் கூடாது என்று ஃபேஸ்புக்கில் தொடங்கிய இயக்கத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். அந்தப் பல்லாயிரத்தில் எத்தனை பேருக்குச் செப்டம்பர் 11 நினைவிருந்ததோ! அன்று இதே உலகக் கோப்பையில், இதே வெலிங்டனில், தென்னாப்பிரிக்கா 17–16 என்று வேல்ஸிடமிருந்து தப்பிப் பிழைத்து வென்றது. வேல்ஸின் ஜேம்ஸ் ஹுக் உதைத்த ஒரு பெனால்டி கம்பங்களுக்கு உள்ளேதான் போனது என்று வேல்ஸ்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள். கொடி தூக்கப்படவில்லை. அன்று எந்தத் தென்னாப்பிரிக்கரும் நடுவருக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடத்தவில்லை.

இன்னொரு பேச்சும் எழுந்தது. கொஞ்சம் மெல்லிய குரலில். நடுவர் ஊத மாட்டார் என்று முதல் அரை மணியிலேயே தெரிந்துவிட்டதே, அப்புறமும் ஏன் ஒவ்வொரு பிரேக்டவுனுக்கும் குறைவான ஆட்களை அனுப்பினார்கள்? பந்து பறிப்பதில் போகாக்குக்குச் சளைக்காத பிஸ்மார்க் டு ப்ளெசியை ஏன் முதல் பாதி முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்? அவர் இடத்தில் ஆடியவர் அணித் தலைவர் ஸ்மித் என்பதால் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்கப் பலருக்கும் சங்கடம். நடுவரைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

அரையிறுதிப் பட்டியலில் லாரன்ஸ் பெயர் இல்லை. அப்போது நடுவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் பேடி ஓ'பிரையன். அவருக்கும் இந்த நெருப்பு புதிதல்ல. 1999 உலகக் கோப்பையில் பிரான்ஸ்–ஃபிஜி ஆட்டத்தில் விசில் பிடித்து, பிறகு தன் தவறுகளை ஒப்புக்கொண்டவர். லாரன்ஸும் வெலிங்டனில் தன் பணி சரியாக அமையவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன? சூப்பர் ரக்பி போட்டிகளுக்கு அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பத் தயங்கினார்கள். ஒரு பெரிய ரக்பி நாட்டுக்குள் போக முடியாத நடுவர் எத்தனை நாள் உச்சத்தில் இருக்க முடியும்? 2012-இல் விசிலைக் கழற்றி வைத்தார். காலம் போகப் போக நியூசிலாந்து நடுவர்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது.

நாம் 2011-ஐ விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். திரும்பலாம்.

அக்டோபர் 16, அரையிறுதி, ஈடன் பார்க். போகாக்குக்கு எதிரே இப்போது நிற்பவர் நியூசிலாந்துத் தலைவர் ரிச்சி மெக்கா. பாதத்தில் எலும்பு முறிந்த நிலையில் ஆடுகிறார். அதை வெளியே சொல்லவில்லை. நடுவர் விட்டுக்கொடுக்கும் அரை அடியில் குடியிருப்பதை போகாக்குக்கு முன்பே கரைத்துக் குடித்தவர். வெலிங்டனில் எல்லாம் செல்லுபடியான போகாக்கின் கைகளுக்கு இங்கே வேலையே கிடைக்கவில்லை. நியூசிலாந்து 20, ஆஸ்திரேலியா 6.

ஒரு வாரத்தில் இறுதி ஆட்டம். உலகக் கோப்பையை 1987-க்குப் பிறகு தொட்டுக்கூடப் பார்க்காத நியூசிலாந்து ஒரு பக்கம். பிரிவு ஆட்டத்தில் டோங்காவிடம்கூடத் தோற்றுவிட்டு எப்படியோ தத்தித் தடுமாறி வந்து சேர்ந்த பிரான்ஸ் மறு பக்கம். கறுப்புச் சட்டைகள் நூறு புள்ளி அடிப்பார்கள் என்று ஊரே பேசியது.

அக்டோபர் 23 இரவு. 65 நிமிடம் ஆகிவிட்டது. பலகையில் நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7. பந்து பிரெஞ்சுக்காரர்களிடம். ஒரு பிரேக்டவுன், இன்னொன்று, மறுபடி இன்னொன்று. ஒவ்வொன்றிலும் கறுப்புச் சட்டைகள் பந்தின் மேல் கவிழ்கின்றன. பிரான்சுக்குத் தேவை ஒரே ஒரு பெனால்டி. ஒரே ஒரு விசில்.

அன்று விசிலைக் கையில் வைத்திருந்தவரின் பெயர் கிரேக் ஜூபேர். அவர் தென்னாப்பிரிக்கர்.

ஊதினாரா?

(தொடரும்)